பரப்பை அளந்தவர் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

(பெரியதாழையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குச் சிறியது. இயந்திரப் பாகம் ஒன்றின் வளைந்த பரப்பை அளந்து முடித்த பிறகு, அந்த அளவைத் தாளில் எப்படி எழுதிக் கொடுப்பது? இதுதான் தலைப்பு. கடற்கரை ஊரில் வந்து பேசுகிற பேச்சா இது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இந்த ஊரில்தான் பேச வேண்டும் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

ஏன்? உங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு எங்கே போகிறார்கள்? கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், அதைத் தாண்டினால் வளைகுடா. போகிற இடங்களில் பலர் குவாலிட்டி பிரிவில் உட்காருகிறார்கள். கையில் வெர்னியர், எதிரே அளவு எடுக்கும் இயந்திரம், மேசையில் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். இனி வெளியூர் போகாமலேயே அந்த வேலை நம் வாசலுக்கு வரப்போகிறது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி இரவில் ஊர்ந்து போகும் நீண்ட லாரிகளில் காற்றாலை இறக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டின் கூம்பு, டர்பைனின் பிளேடு, காற்றாலையின் இறக்கை, மூன்றும் வளைந்த பரப்புகள். அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகே இடம் பெயர்கிற பரப்புகள்.

பரப்பை அளந்து தரம் சொல்லும் வேலை இந்தக் கரைக்குப் புதியதா? இல்லவே இல்லை. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில் முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள்? பித்தளையில் செய்த பத்துச் சல்லடைகள் இருந்தன. பெட்டி என்பார்கள். முதல் பெட்டியில் 20 ஓட்டைகள், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசிப் பெட்டியில் 1000 ஓட்டைகள். 20 ஓட்டைப் பெட்டியில் தங்குவது பெரிய முத்து. 1000 ஓட்டைப் பெட்டிக்கு வந்து சேர்வது பொடி முத்து. அதோடு வேலை முடிந்ததா? முடியவில்லை. பெட்டி பருமனைச் சொல்லும், உருண்டையைச் சொல்லாது. ஒரு பக்கம் சப்பையான முத்தும் ஓட்டையில் விழுந்துவிடும். ஆகவே பெட்டிக்குப் பிறகு கண் வந்தது. முழு உருண்டையும் முழு ஒளியும் உடையது ஆணி முத்து. இரண்டில் ஒன்றில் குறை வந்தால் ஒரு பெயர், இரண்டிலும் குறை வந்தால் வேறு பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் தொலைதூர வியாபாரிக்கு முத்து எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். 

1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நடக்கவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் உருண்டை மணியை வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அதற்கும் உள்ளே வைக்கும் மணி உருண்டையாக இருந்தாக வேண்டும். ஆக, அளவு வேறு, வடிவம் வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்த கரை இது.

இப்போது பட்டறைக்கு வருவோம்.

டிராயிங்கில் ஒரு வளைந்த பரப்பு வரையப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் கவிழ்த்து வைத்த அரைவட்டம், அடியில் கோடு போட்டு மூடியது. அதுதான் பரப்பு வடிவத்தின் குறி, சர்ஃபேஸ் புரொஃபைல். அதை அடுத்து 0.8 என்று ஓர் எண். அதற்கும் அப்பால் ஏ, பி, சி என்று எழுத்துகள். அவை டேட்டங்கள், எங்கிருந்து அளக்க வேண்டும் என்று சொல்பவை. இந்த 0.8-க்கு என்ன பொருள்? டிராயிங்கில் உள்ள சரியான பரப்புக்கு வெளியே 0.4 மில்லிமீட்டர், உள்ளே 0.4 மில்லிமீட்டர், ஆக மொத்தம் 0.8 அகலத்தில் ஓர் இடம். ஜாப்பின், அதாவது செய்து முடித்த பாகத்தின், பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி வெளியே போனாலும் ஜாப் தேறாது.

அளந்தாயிற்று. இயந்திரம் நூறு புள்ளிகளைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலகல் கிடைத்திருக்கிறது. வெளியே துருத்தினால் பிளஸ், உள்ளே குழிந்தால் மைனஸ். இப்போது ரிப்போர்ட்டில் 0.8-க்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. நூறு எண்கள் கையில், எழுத ஓர் இடம். என்ன எழுதுவீர்கள்?

இங்கேதான் ஊருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்து எழுதுகிறார். இன்னொருவர் இருப்பதிலேயே பெரிய விலகலை மட்டும் எழுதுகிறார். மூன்றாமவர் அந்தப் பெரிய விலகலை இரட்டித்து எழுதுகிறார். ஒரே ஜாப், ஒரே இயந்திரம், மூன்று எண்கள்.

இரண்டு ஜாப்புகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஜாப்பின் விலகல்கள் பிளஸ் 0.3-இலிருந்து மைனஸ் 0.1 வரை. கழித்து எழுதினால் 0.4. இரட்டித்து எழுதினால் 0.6. எப்படி எழுதினாலும் 0.8-க்குள் இருக்கிறது, ஜாப்பும் உண்மையிலேயே நல்ல ஜாப். ஆகவே யாரும் சண்டை போடவில்லை. தவறான முறை பட்டறையில் பல வருடம் உயிரோடு இருப்பது இதனால்தான். நல்ல ஜாப்பில் அது தன் குணத்தைக் காட்டுவதில்லை.

இரண்டாவது ஜாப்பைப் பாருங்கள். அதன் விலகல்கள் பிளஸ் 0.3-இலிருந்து பிளஸ் 0.5 வரை. முழுப் பரப்பும் ஒரே பக்கமாக வெளியே தள்ளி நிற்கிறது. அனுமதித்த எல்லை 0.4, சில புள்ளிகள் 0.5-இல் நிற்கின்றன. ரிஜெக்ட் ஆக வேண்டிய ஜாப். ஆனால் கழித்து எழுதினால் என்ன வருகிறது? 0.5-இல் 0.3 போக 0.2. 0.8 அனுமதித்த இடத்தில் வெறும் 0.2! பெரிய விலகலை மட்டும் எழுதுபவர் 0.5 என்று எழுதுவார். 0.5 என்பது 0.8-ஐவிடச் சிறியதுதானே? அவரிடமும் ஜாப் பாஸ். இரட்டித்து எழுதியவர் மட்டும் 1.0 என்று எழுதுகிறார். அவரிடம் மட்டுமே ஜாப் நிற்கிறது.

பாரும் பாறையும் நிறைந்த கடலில் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வழி. வள்ளம் ஆடாமல் அசையாமல் நேர்க்கோடாகப் போனது என்று ஒருவர் சொல்கிறார். நேராகத்தான் போனது, ஆனால் பாறையின் மேல் போனது. எவ்வளவு ஆடியது என்பது ஒரு கேள்வி. வழிக்குள் இருந்ததா என்பது வேறு கேள்வி. டிராயிங் கேட்பது இரண்டாவது கேள்வியை.

இந்த வேறுபாட்டுக்குச் சான்றாக, உலகமே பார்க்கத் தலைகுனிய நேர்ந்த கதை ஒன்று உண்டு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. அதன் முதன்மைக் கண்ணாடி 2.4 மீட்டர் விட்டம் உடையது. 1980, 81-இல் பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தார் மெருகேற்றினார்கள். மேடு பள்ளமே இல்லாத அளவுக்கு அருமையான மெருகு. 1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. ஜூன் மாதம் உண்மை தெரிந்தது: படம் மங்கலாக விழுகிறது. ஏன்? கண்ணாடியின் ஓரம் இருக்க வேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் பருமனில் சிறு பின்னம். பரப்பு வழவழப்பில் குறை இல்லை. தவறான வடிவத்துக்கு மிக நேர்த்தியாக மெருகேற்றப்பட்டிருந்தது!

எப்படி நடந்தது? அளக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தது. அந்த லென்ஸின் இடத்தைக் குறிக்கும் அளவுகோலின் மூடியில் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. ஒளி அளவுகோலின் நுனியில் பட்டுத் திரும்புவதற்குப் பதில் மூடியில் பட்டுத் திரும்பியது. கருவி தப்பு, ஆகவே அளவு தப்பு. இது மனிதருக்கு நேரக்கூடியதுதான். என்னை வருத்துவது அடுத்த செய்தி. வேறு இரண்டு கருவிகளும் அங்கே இருந்தன. அவை துல்லியம் குறைந்தவை. அந்தத் துல்லியம் குறைந்த இரண்டுமே இந்தப் பிழையைக் காட்டின! அந்த அளவுகள் ஒதுக்கப்பட்டன. நம் முதன்மைக் கருவியே சரி, மற்றவை தப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். லூ ஆலன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 1990 நவம்பரில் தந்த அறிக்கை இதையெல்லாம் எடுத்துச் சொன்னது. கையில் இருந்த அளவு உரியவரின் மேசைக்குப் போகாததே அங்கே நடந்த பெரிய இழப்பு.

அந்தக் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், பிழையை ஈடுசெய்யும் ஒளிக்கருவிகளைப் பொருத்திச் சரிசெய்தார்களே, எப்படி முடிந்தது? பிழை எவ்வளவு, எந்தத் திசையில் என்பது துல்லியமாகத் தெரிந்ததால் முடிந்தது. அந்தப் பழைய அளவுக்கருவி தொழிற்சாலையில் கலைக்கப்படாமல் அப்படியே இருந்ததால் தெரிந்தது. எவ்வளவு, எந்தத் திசை. இந்த இரண்டும் தெரிந்தால் பிழையைத் திருத்த வழி பிறக்கும்.

இப்போது நம் ரிப்போர்ட்டுக்குத் திரும்புங்கள். 1.0 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஜாப் தேறவில்லை என்பது தெரியும். திருத்த முடியுமா என்பது தெரியுமா? தெரியாது. பிளஸ் பக்கம் மிஞ்சியிருந்தால் இரும்பு அதிகமாக இருக்கிறது. மறுபடி மெஷினில் ஏற்றிச் சீவிவிடலாம். மைனஸ் பக்கம் மிஞ்சியிருந்தால் போனது போனதுதான். சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு ஜாப் பழைய இரும்புக் கடைக்குப் போவதா, ரீவொர்க் போவதா என்பதை ஒரே ஒரு குறி முடிவு செய்கிறது. அந்தக் குறியை ரிப்போர்ட்டில் விட்டுவிடலாமா?

ஆகவே என் முடிவு இது. டாலரன்ஸுக்கு, அதாவது டிராயிங் அனுமதிக்கும் அந்த 0.8-க்கு, எதிரே வைத்துப் பார்க்க ஓர் எண் வேண்டும். அது இரட்டித்து எழுதிய எண்ணாக இருக்கட்டும். அதன் கீழேயே பிளஸ் பக்கத்துப் பெரிய விலகல், மைனஸ் பக்கத்துப் பெரிய விலகல், இரண்டும் குறியோடு இருக்கட்டும். முதல் எண் தீர்ப்புக்கு. மற்ற இரண்டும் வேலை செய்கிறவருக்கு.

தரநூல்கள் என்ன சொல்கின்றன என்று இங்குள்ள ஆசிரியர்கள் கேட்பார்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஒய் 14.5.1 என்ற கணித வரையறை நூல், 1994 பதிப்பில், பரப்பு வடிவத்துக்கு இரண்டு அளவு மதிப்புகள் வேண்டும் என்றது; பிளஸ் பக்கத்துக்கு ஒன்று, மைனஸ் பக்கத்துக்கு ஒன்று. கால் நூற்றாண்டு கழித்து 2019 பதிப்பு ஒரே மதிப்பு போதும் என்று மாற்றியது. டாலரன்ஸ் இடத்தை இருபுறமும் சம அளவில் விரித்தோ சுருக்கியோ, எல்லாப் புள்ளிகளையும் சரியாக அணைத்துக்கொள்ளும் இடத்தின் அகலம் எதுவோ, அதுவே மதிப்பு. இரண்டு பதிப்புகளும் தத்தம் நியாயத்தில் நிற்கின்றன. பட்டறையில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

இரட்டித்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்துவிடாதீர்கள், தம்பிகளே. ஓர் இடத்தில் அது காலை வாரிவிடும். சில டிராயிங்குகளில் டாலரன்ஸ் இருபுறமும் சமமாக இராது. வட்டத்துக்குள் யு என்ற எழுத்தைப் போட்டிருப்பார்கள், ஐ.எஸ்.ஓ. முறையில் யு.இசட். என்று இருக்கும். மொத்தம் 0.8, யு-வுக்குப் பக்கத்தில் 0.2 என்று எழுதியிருந்தால், வெளியே 0.2, உள்ளே 0.6. இப்போது விலகல் பிளஸ் 0.25-இலிருந்து மைனஸ் 0.1 வரை வருகிறது. பெரிய விலகலை இரட்டித்தால் 0.5, பாஸ் என்று தோன்றும். ஆனால் வெளியே அனுமதித்தது 0.2, ஜாப் 0.25-இல் நிற்கிறது. 0.05 மிஞ்சிவிட்டது. 2019 வரையறைப்படி இடத்தை இருபுறமும் 0.05 விரிக்க வேண்டும், ஆகவே மதிப்பு 0.9. ரிஜெக்ட். குறியோடு இரண்டு விலகல்களையும் எழுதியிருந்தால், கணக்கே போடாமல் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்றைய மென்பொருளில் பெஸ்ட்-ஃபிட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அளந்த புள்ளிகளை எல்லாம் ஒரு கூட்டமாக நகர்த்தித் திருப்பி, டிராயிங்கோடு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு பொருத்திவிடும். நம் இரண்டாவது ஜாப் லேசாக வளைந்த தகடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன் 1.0. அழுத்திய பின் ஏறத்தாழ 0.2. இரும்பு மாறியதா? மாறவில்லை. இந்தப் பொத்தான் தவறு என்று நான் சொல்லவில்லை. டிராயிங்கில் டேட்டம் எதுவும் சொல்லாமல் வடிவத்தை மட்டும் கேட்டிருந்தால் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஏ, பி, சி என்று டேட்டம் கேட்டிருக்கும்போது அழுத்தினால் அது அளவைத் திருத்துவதாகும். எப்படிப் பொருத்தினோம் என்று ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பப்படும் ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல வண்ணங்களில் அழகான படம் இருக்கும். எந்த டேட்டத்திலிருந்து என்பது மட்டும் இராது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

புள்ளிகளின் எண்ணிக்கையும் அப்படியே. 80 மீட்டருக்கு மேல் நீளமுள்ள காற்றாலை இறக்கைகள் நம் துறைமுகத்தில் ஏறி இறங்குகின்றன. அவற்றை இரண்டு அரை ஓடுகளாக அச்சில் வார்த்து ஒட்டுகிறார்கள். காற்றை முதலில் எதிர்கொள்ளும் முன்விளிம்பில் வளைவு மிகக் கூர்மையானது; பின்னால் போகப் போகப் பரப்பு சமமாகிவிடும். சமமான இடத்தில் ஆயிரம் புள்ளி எடுத்துவிட்டு முன்விளிம்பில் பத்துப் புள்ளி எடுத்தால், ரிப்போர்ட் நன்றாகத்தான் இருக்கும், இறக்கை நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது. எத்தனை புள்ளி, எங்கெங்கே. ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

பரிசோதனைக் கூடங்களுக்கான உலகத் தரநூல் ஐ.எஸ்.ஓ. 17025. நம் நாட்டில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் அதன்படிதான் வழங்கப்படுகிறது. அதன் 2017 பதிப்பு, பாஸ் அல்லது ஃபெயில் என்று தீர்ப்புச் சொல்கிற கூடம் எந்த விதியைக் கொண்டு அந்தத் தீர்ப்புக்கு வந்தது என்பதையும் ரிப்போர்ட்டில் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. 0.79 வந்திருக்கிறது, அளவில் 0.02 வரை ஐயம் இருக்கிறது, எல்லை 0.8. இது பாஸா? வாங்குகிறவரும் விற்கிறவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் சண்டை இல்லை. ஜாப் போய்ச் சேர்ந்த பிறகு பேசத் தொடங்கினால் சண்டைக்கு முடிவில்லை.

மாணவர்களே, ரிப்போர்ட்டைப் படிக்கப் போகிறவர் உங்கள் ஜாப்பைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அவர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கிறார். அவருக்கு உங்கள் தாள் மட்டுமே கண். சாயங்காலம் லாரி நிற்கிறது, மேலதிகாரி அவசரப்படுத்துகிறார், 0.2 என்று எழுதினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அப்போதும் பிளஸ் 0.5 என்று எழுதுகிற கை வேண்டும். அந்தக் கை உங்கள் கையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நம் பகுதிப் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் அளவு எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அளவை எழுதிக் கொடுக்கவும் கற்றுக்கொடுக்கும்படி கேளுங்கள். ஒரே ஜாப்பை நான்கு மாணவர்களிடம் கொடுத்து நான்கு ரிப்போர்ட் வாங்கி, ஏன் எண்கள் வேறுபடுகின்றன என்று வகுப்பில் விவாதிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டாம். ஒரு டயல் கேஜும், சமதளக் கல் மேசையும், அரை நாளும் போதும். குலசேகரன்பட்டினத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில், அளக்கத் தெரிந்தவர்கள் பல ஊர்களிலிருந்து வருவார்கள். அளந்ததை அப்படியே எழுதத் தெரிந்தவர்கள் பெரியதாழையிலிருந்து போகட்டும்.